கறுத்துப் போகும் முகங்கள்

ஐயா,

ராமநாதபுரத்தில் இருக்கிறேன். 18-55 மி.மீ. லென்ஸோடு வந்த சாதாரண டிஜிட்டல் கேமரா வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் தேவிபட்டினம், மூக்கையூர், ஏர்வாடி என்று கடற்கரைக்குப் போய் மீனவர்களையும் பாசி எடுக்கும் பெண்களையும் படம் எடுக்கிறேன். கடலும் வானமும் நன்றாக விழுகின்றன, முகங்கள் மட்டும் கறுத்துப்போகின்றன. நம் ஆட்கள் வெயிலில் கறுத்தவர்கள், அதனால் அப்படித்தான் வருமோ? கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டினால் சாம்பல் பூசியது போல ஆகிவிடுகிறது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவும் 70-200 மி.மீ. லென்ஸும் வாங்கினால் சரியாகுமா? தனுஷ்கோடியில் பூநாரை எடுக்க எந்த லென்ஸ் நல்லது? படத்தில் வாட்டர்மார்க் போடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாட்டர்மார்க் உங்கள் விருப்பம். பூநாரைக்கு 300 மி.மீ.க்குக் குறையாத லென்ஸ் வேண்டும், அவை எழுந்து பறந்துவிடாத தூரத்தில் நிற்கிற பொறுமையும் வேண்டும். ஃபுல் ஃப்ரேம் இப்போது வேண்டாம். கையில் இருக்கும் கேமராவே போதும்.

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது கொஞ்ச காலமாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். அதற்காகத்தான் இந்தப் பதில்.

‘கறுத்தவர்கள், அதனால் அப்படித்தான் வரும்’ என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த மனிதர்களின் தோலில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் நின்ற இடம் தப்பு, கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை அதன் போக்கில் விட்டது தப்பு. கேமராவின் மீட்டருக்கு முகம் எது, மணல் எது என்று உண்மையில் தெரியாது. எதிரே இருப்பதையெல்லாம் சேர்த்து ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். கட்டத்தில் முக்கால் பங்கு மின்னும் கடலும் வெளுத்த மணலுமாக இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிவிடும். அமுக்கியதில் கடல் அழகாகிறது, முகம் புதைகிறது. புதிய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் ஈடுகட்டும். எதிர்வெயிலில் அந்தக் கொஞ்சம் போதாது.

இந்தப் புறக்கணிப்பு பழையது. பிலிம் காலத்தில் போட்டோ பிரிண்ட் போடும் லேப்கள் நிறத்தைச் சரிபார்க்க ‘ஷெர்லி அட்டை’ என்று ஒன்றை வைத்திருந்தன. பிலிம் கம்பெனியான கோடாக் அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்னதும் பிற்பாடு பிலிமைத் திருத்தியதற்கு ஒரு காரணம். மனிதர்களுக்காகச் செய்திருக்க வேண்டியதை மேசைக்காகச் செய்தார்கள். உங்கள் கையில் இருப்பது பிலிம் இல்லை, திருத்தும் சக்கரம் உங்கள் விரலடியில் இருக்கிறது. நீங்களும் ஏன் அதே அலட்சியத்தைச் செய்கிறீர்கள்?

முதலில் நிற்கும் இடம். தேவிபட்டினத்தில் கடல் கிழக்கே. காலையில் வல்லம் என்ற படகிலிருந்து இறங்கிக் கரைக்கு வருபவர் மேற்கே பார்த்து வருகிறார், வெயில் அவர் முதுகில். நீங்கள் கரையில் நின்று எதிரே எடுத்தால் கறுப்பு உருவம்தான் கிடைக்கும். தண்ணீரில் கொஞ்சம் இறங்கிப் பக்கவாட்டில் நகர்ந்து, வெயில் உங்கள் தோளுக்கு வரும்படி நில்லுங்கள். ஆழமில்லாத இடம்தான், ஆனாலும் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், கேமரா வார் கழுத்தில் இருக்கட்டும். அல்லது வலையை எடுக்க அவர் படகுப் பக்கம் திரும்பும்வரை காத்திருங்கள், அப்போது வெயில் நேரே முகத்தில் விழும். மாலையில் போனால் இந்தச் சிக்கலே இல்லை.

மூக்கையூர்ப் பக்கம் கடல் தெற்கே. கரைவலைக் கயிற்றை இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னால் நகர்வார்கள். காலை வெயில் இடது கன்னத்தில் விழும். கயிற்றுக்கு மேற்கே, அலை விளிம்பில் நின்று அவர்கள் முகத்தை நோக்கி எடுங்கள். ஒரு கன்னம் ஒளியிலும் மற்றது நிழலிலுமாக, எலும்பும் சுருக்கமும் தெரியும். கறுத்த தோலில் முகத்துக்கு வடிவம் கொடுப்பது வியர்வையின் மினுக்கம். பக்கவெயில் அதை எடுத்துக்காட்டும், கேமரா மேல் இருக்கும் ஃப்ளாஷ் அதைக் கொன்றுவிடும். இரண்டு கயிறுகளுக்கும் நடுவே மட்டும் போய் நிற்காதீர்கள். அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம்.

அடுத்தது அளவு. ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் வைத்து, வெயில் படும் கன்னத்தில் மினுக்கம் இல்லாத இடத்தில் புள்ளியை வையுங்கள். மேனுவலில் மீட்டர் முள்ளை -1க்கு, அதாவது மீட்டர் சொல்வதில் பாதி வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பூஜ்யத்தில் வைத்தால் தோல் வெளிறிச் சாம்பலாகும், -2க்குப் போனால் படத்தில் கண்கள் தெரியாது. காலை ஏழே கால் மணிக்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, எஃப் (லென்ஸ் திறப்பு) 5.6, ஷட்டர் வேகம் 1/500 நொடி என்று தொடங்கலாம். இது கடினமாக இருந்தால் வழக்கமான மீட்டரிங்கிலேயே, கடல் பின்னால் இருக்கும்போது வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் +/- அமைப்பில் +1.3 முதல் +2 வரை கூட்டுங்கள். திரையில் வெளுத்த பகுதி கண்சிமிட்டும் அமைப்பைப் போட்டுவையுங்கள். கடல் சிமிட்டினால் விடுங்கள். நெற்றி சிமிட்டினால் மட்டும் குறையுங்கள். வானம் வெளுத்துப்போகும் என்று பயப்படாதீர்கள், ராமேஸ்வரத்து வானத்தை நாளைக்கும் எடுக்கலாம்.

சாம்பல் பூசியது போல வருவதற்கும் காரணம் இதுதான். இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறைவாக எடுத்த முகத்தில் கால் பங்கு வெளிச்சமே பதிவாகியிருக்கும். அதைப் பிற்பாடு தூக்கினால் இரைச்சலும் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கலங்கல்) சேர்ந்து எழும். தவிர, நிழலில் இருந்த முகத்துக்கு வெளிச்சம் கொடுத்தது நீல வானம். தூக்கும்போது அந்த நீலமும் கூடவே வரும். கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுங்கள், வெயிலில் நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை 5200 கெல்வினில் நிறுத்துங்கள், நிழலில் எடுத்த முகத்துக்கு 6500, 7000 வரை ஏற்றுங்கள்.

சித்திரை முதல் நாளை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நம் கடற்கரைக்கு நேர் உச்சியில் நிற்கும். கண்குழி முழுக்க நிழல். அப்போது ஓலைக் கொட்டகைக்குள், விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே உட்காரவைத்து வெளியே பார்க்கச் சொல்லுங்கள். வெளியே கிடக்கும் காய்ந்த மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்கு அனுப்பும். ஈர மணலுக்கு அந்த வேலை தெரியாது. தலைத்துணி போட்ட பாசிக்காரப் பெண்களுக்கு இதைவிட நல்ல ஒளி இல்லை.

போனில் எடுப்பதாக இருந்தால் பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். அது கேட்காமலே தோலை வெளுக்கிறது.

படம் சரியாக வந்ததும் 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டு அவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்டுடியோவில் ‘கலர் கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் சிவப்பாக்கி அனுப்பிவிடுவார்கள். அப்படி வந்தால் திருப்பிக் கொடுத்து மறுபடி போடச் சொல்லுங்கள்.