இரண்டு சாக் தெரிந்தது, இப்போது ஒன்றுதான் என்கிறார்கள்

கர்ப்பத்தின் ஏழாவது வாரத்தில் வயிற்றின் மேல் வைத்து ஸ்கேன் பார்த்தபோது இரண்டு சாக் (கரு வளரும் பை), இரண்டு நாள் கழித்து உள்வழி ஸ்கேனில் (யோனி வழியாகப் பார்ப்பது) ஒன்றுதான், இன்னொரு குழந்தை போய்விட்டதோ என்று அழுததாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இரண்டாவது ஒன்று முதலிலிருந்தே இல்லாமல் இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அடிவயிற்றின் நடுவில் இரண்டு தசைப்பட்டைகள் பக்கம் பக்கமாக இருக்கும். அவற்றின் ஓரத்திலும் அங்குள்ள கொழுப்பிலும் புகும்போது, தண்ணீரில் வைத்த குச்சி வளைந்து தெரிகிறதே, அதுபோல ஸ்கேன் மெஷின் அனுப்பும் ஒலியும் கொஞ்சம் வளைகிறது. மெஷினுக்கு அது தெரியாது, ஒலி நேர்கோட்டில் நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போய்வந்தது என்றே கணக்குப் போட்டு, ஒரே சாக்கை இடமும் வலமுமாக இரண்டு இடத்தில் வரைந்துவிடும். இரண்டிலும் ஒரே அளவு, ஒரே துடிப்பு. வயிற்றின் மேல் வைக்கும் ப்ரோபை (ஒலியை அனுப்பும் கைக்கருவி) நெடுக்காகத் திருப்பினாலோ கொஞ்சம் ஓரமாக நகர்த்தினாலோ ஒன்று மறைந்துவிடும். உள்வழி ஸ்கேனில் அந்தத் தசையே குறுக்கே வராது.

நிஜமாகவே இரட்டையாக இருந்து ஒன்று கரைவதும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டே நாளில் தடயமில்லாமல் போவது வழக்கமில்லை. பழைய படங்களைக் கொண்டுபோய், 'நெடுக்காகப் பார்த்தபோதும் இரண்டு தெரிந்ததா?' என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அப்புறம், ரத்தப்போக்கோ கடுமையான வலியோ இருந்தால் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே போய்விடுங்கள்.