தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் படமெடுப்பவர்களுக்கு: கேள்வி பதில்

பாதியில் நிற்கும் ஆவணப்படங்கள், இன்னும் தொடங்காத சின்னப் படங்கள் பற்றி வந்த கேள்விகள் இவை. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பென்னாகரம்: அண்ணா, எங்க ஊர் பாரதக் கூத்தை எடுக்கணும். பணம் புரட்டிட்டு அடுத்த வருஷம் ஆரம்பிக்கலாமா?

பணம் அடுத்த வருஷமும் வராமல் போகலாம் தம்பி, திருவிழா வந்துவிடும். அர்ச்சுனன் தபசுக்கு மரமேறுகிறவரிடமோ, படுகளத்தில் மண்ணில் கிடக்கும் துரியோதனனிடமோ ரீடேக் கேட்க முடியாது. இந்த முறையே எடுத்துவிடு. கேமரா ஷட்டர் வேகம் 1/50 நொடி. 1/60 வைத்தால் பந்தல் எல்இடி வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடும், எடிட்டர் திட்டுவார். ஸ்பீக்கர் பக்கம் மைக் வைக்காதே, முகவீணைக் குழல் காதைக் கிழிக்கும். மிருதங்கமும் ஆர்மோனியமும் உட்காரும் பெஞ்சுக்கடியில் ஒரு ரெக்கார்டரை ஓடவிடு. மேடையில் நடப்பது ஊர்க்காரர் எல்லார் போனிலும் இருக்கிறது. அரிதாரம் பூசிக்கொண்டே சம்பளப் பாக்கி, மகன் படிப்பு என்று பேசுவார்களே, அதுதான் உன் படம்.

தேன்கனிக்கோட்டை: யானைக் கூட்டத்தை ட்ரோனில் எடுக்கலாமா சார்?

வேண்டாம். 250 கிராம் வரையுள்ள ட்ரோனுக்குப் பைலட் லைசென்ஸ் தேவையில்லை என்கிறது 2021 விதி. அதைக் காட்டி வனத்துறையிடம் தப்ப முடியாது. உங்கள் பக்கத்துக் காவேரி வடக்கு வனப்பகுதி 2014 முதல் வன உயிரினச் சரணாலயம். உள்ளே படமெடுக்க தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும். ட்ரோன் சத்தத்தில் மிரளும் யானை ஊருக்குள்தான் ஓடும். ராகி அறுப்பு நேரத்தில் பரண் மேல் காவல் இருப்பவரோடு ஓர் இரவு உட்காருங்கள். யானை வராவிட்டாலும் காட்சி கிடைக்கும்.

அரூர்: வாச்சாத்திப் பெண்களிடம் பேட்டி எடுக்கப் போகிறோம். முகம் காட்டலாமா?

சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து சூறையாடி, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த 1992 ஜூன் 20 சம்பவம். 2011இல் தருமபுரி நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது, 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. தீர்ப்பு வந்துவிட்டதால் அடையாளம் பொதுச்சொத்து ஆகிவிடாது. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர் பெயரையோ முகத்தையோ வெளியிட அவரே எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். படிவத்தை அவருக்குப் புரியும்படி வாசித்துக் காட்டி, யோசிக்க அவகாசம் கொடுத்து, அப்புறம் கையெழுத்து வாங்குங்கள். எடிட் முடிந்ததும் மறுபடி காட்டுங்கள். "வேணாம் சாமி" என்றால் அந்தப் பேட்டியைப் படத்திலிருந்து நீக்கிவிடுங்கள். அதனால் படம் பலவீனமாகலாம், ஆகட்டும்.

காவேரிப்பட்டணம்: மாங்கூழ் ஃபேக்டரிக்குள் விடமாட்டேன் என்கிறார்கள்.

வெளியே பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் வரிசையில் நிற்கும். விலைப் பேச்சு முழுக்க அங்கேதான்.

ஓசூர்: சென்சார் கட்டாயமா? முதலீடு எங்கே தேடுவது?

தியேட்டரில் போட வேண்டுமென்றால் கட்டாயம். யூடியூபுக்கு வேண்டாம். திரைப்பட விழாக்களுக்கு விலக்கு வாங்கும் வழி உண்டு, அதை விழாக்காரர்களே சொல்வார்கள். முதலீட்டுக்கு நவம்பரில் கோவாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்எஃப்டிசி) நடத்தும் ஃபிலிம் பஜாரை (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) பாருங்கள். திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவுக்கு ரயிலிலேயே போய்வரலாம். போகும்போது இரண்டு பக்கச் சுருக்கமும் மூன்று நிமிடக் காட்சியும் கையில் இருக்கட்டும். ட்ரெய்லர் மாதிரி வெட்டாதீர்கள், ஒரே காட்சி முழுசாக ஓடட்டும்.