எத்தனை சேர்ந்தால் இனப்படுகொலை?

கேள்வி: அரசுச் செய்தித் தொடர்பாளர்கள் எதைக் கேட்டாலும் மழுப்புகிறார்களே, வெறும் வார்த்தைதானே என்று விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. 1994 ஜூனில், ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் டுட்சி இன மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டுக் கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்க வெளியுறவுத் துறையின் செய்தித் தொடர்பாளர் கிறிஸ்டின் ஷெல்லி 'இனப்படுகொலை' என்று சொல்லாமல் 'இனப்படுகொலைச் செயல்கள்' என்றே சுற்றிச் சுற்றிப் பேசினார். சரி, அப்படி எத்தனை செயல்கள் சேர்ந்தால் அது இனப்படுகொலை ஆகும் என்று ராய்ட்டர்ஸ் நிருபர் ஆலன் எல்ஸ்னர் நேராகவே கேட்டுவிட்டார். பதில் சொல்லும் நிலையில் தான் இல்லை என்றார் ஷெல்லி. காரணம் இருந்தது. அந்தச் சொல் வாயில் வந்துவிட்டால், 1948-ம் ஆண்டின் ஐ.நா. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையைக் காட்டி, தடுக்க ஏதாவது செய்யுங்கள் என்று உலகம் நெருக்கும். அந்த ஒரு கேள்விக்காகவே எல்ஸ்னர் மீது எனக்குப் பெரிய மரியாதை.