எடை நின்றுபோனால் முதலில் எண்ணெய்ப் பாட்டிலைப் பாருங்கள்

கேள்வி: வயது 43, உயரம் 158 செ.மீ. ஐந்து மாதத்தில் 80 கிலோவிலிருந்து 71-க்கு வந்தேன். ஏழு வாரமாக முள் அசையவில்லை. காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் ஒரு கப் சோறு, குழம்பு, பொரியல். இரவு இரண்டு சப்பாத்தி. இரண்டு வேளை கருப்பட்டிக் காப்பி. ஞாயிறு மட்டும் சொதியோ பரோட்டாவோ உண்டு. தினமும் வ.உ.சி. மைதானத்தில் 45 நிமிடம் நடக்கிறேன். இரவுச் சாப்பாட்டை விட்டுவிடலாமா? தைராய்டாக இருக்குமோ?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, இரவுச் சாப்பாட்டை விட வேண்டாம். இட்லியிலும் கை வைக்க வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டால் தெரியும்.

ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. 150 நாளில் 9 கிலோ என்றால், நாளுக்கு 460 கலோரி போல உங்களுக்குத் துண்டு விழுந்திருக்கிறது (முதலில் இறங்கியதில் நீரும் உண்டு என்பதால் இது தோராயம்தான்). 80 கிலோவில் உங்கள் உடலின் ஒரு நாள் செலவு ஏறக்குறைய 1,975 கலோரி. 71 கிலோவில் அது 1,850. ஆக, உடல் இளைத்ததால் குறைந்த செலவு 125 கலோரிதான். மீதி முந்நூற்றுச் சொச்சம் எங்கே போனது? உடல் சிக்கனத்துக்குப் பழகியதிலும், உங்களை அறியாமல் உட்கார்ந்தே இருக்கும் நேரம் கூடியதிலும் கொஞ்சம் போயிருக்கும். பெரும்பங்கு அடுப்படி வழியாகத் திரும்பி வந்திருக்கும்.

நம் பக்கத்துச் சமையலில் சோற்றின் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் 100 கிராம் சோற்றில் 130 கலோரிதான். பச்சைத் தேங்காய் 100 கிராமில் 350-க்குக் குறையாது. இரண்டு கரண்டி கெட்டிச் சட்னியில் 30, 40 கிராம் தேங்காய் போய்விடும். தேங்காயைக் குறைக்கிறேன் என்று பொட்டுக்கடலையை அள்ளிப் போடுகிறார்கள்; அதிலும் 100 கிராமுக்கு 350-க்கு மேல் இருப்பதால் லாபமில்லை. தக்காளிச் சட்னி, பீர்க்கங்காய்த் தோல் துவையல், சாம்பார் என்று மாற்றி, தேங்காய்ச் சட்னியை வாரம் இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இட்லிப் பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயைக் கண்ணால் அளக்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, அதாவது இரண்டு இட்லி.

எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்கும்போது அதில் தேதி எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மி.லி., 200 கலோரிக்கு மேல். அதை 2 லிட்டருக்குக் கொண்டுவந்தாலே 70 கலோரி மிச்சம். அடுத்து கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் கலோரியில் சீனிக்குத் தம்பிதான். கப்புக்கு 15 கிராம் போட்டால் இரண்டு காப்பியில் 115 கலோரி. பாதியாக்குங்கள்.

ஞாயிறு ஒரு நாள்தானே என்றால், சொதிக்குப் பிழியும் ஒரு முழுத் தேங்காயை நாலு பேர் பகிர்ந்தாலும் ஆளுக்கு 200 கலோரியாவது சேரும். நாலு பரோட்டாவும் சால்னாவும் ஆயிரத்தை எளிதாகத் தொடும். சொதிக்கு நான் தடை போட மாட்டேன். அந்த வேளையில் உருளைக்கிழங்கு சிப்ஸையும் இரண்டாம் முறை சோற்றையும் விடுங்கள்.

புரதம் உங்கள் தட்டில் குறைவு. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் நாளுக்கு 70 கிராம் வரை வேண்டும். இரண்டு முட்டையில் 12, குழம்பில் போட்ட 120 கிராம் மீனில் 22 அல்லது 23, ஒரு கப் சுண்டலில் 12. மீதியைப் பருப்பும் தயிரும் இட்லியும் கொடுத்துவிடும். மீனை வறுத்தால் எண்ணெய்க் கணக்கு மறுபடி ஏறும்.

நடையை விடாதீர்கள். அதிலேயே மூன்று நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் சாதாரணமாக என்று மாற்றி மாற்றி நடங்கள். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 12, தண்ணீர் நிரப்பிய 5 லிட்டர் கேனைக் குனிந்து இடுப்புவரை இழுப்பது கைக்கு 12. இப்படி மூன்று சுற்று. முட்டிவலி இருந்தால் உயரமான நாற்காலி போடுங்கள். முதல் இரண்டு வாரத்தில் தசையில் நீர் கோத்து எடை அரைக் கிலோ கூடலாம். பலர் பயந்து நிறுத்துவது அங்கேதான்.

எடையைக் காலைக்கடன் முடித்து, காப்பிக்கு முன் பாருங்கள். வாரம் நாலு நாள் எடுத்துச் சராசரி போடுங்கள். கருவாடோ ஊறுகாயோ தின்ற மறுநாளும், மாதவிடாய்க்கு முந்தைய வாரமும் ஒன்றிரண்டு கிலோ நீரால் ஏறும். அதனால் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப் வைத்து இடுப்பையும் அளங்கள். முள் நின்றும் டேப் இறங்கினால் கொழுப்பு கரைகிறது என்று அர்த்தம். பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழ் வருவது நல்லது.

தைராய்டு? அசதி, மலச்சிக்கல், முடி உதிர்வு, அதிக உதிரப்போக்கு இருந்தால் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவராயின் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காப்பிக்கு அரை மணி நேரமாவது பொறுங்கள்; கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் எடையைக் கூட்டும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது.

மொத்த உணவு 1,200 கலோரிக்குக் கீழே போக வேண்டாம். மாதம் ஒன்று, ஒன்றரைக் கிலோ இறங்கினால் போதும். நாலு வாரம் இதைச் செய்து, சராசரியும் டேப்பும் அசையாவிட்டால், தினமும் சாப்பிட்டதை எழுதிய நோட்டோடு மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ பாருங்கள்.