பழுப்பாகாத காளானை யார் சோதிப்பது?

கேள்வி: வெட்டினாலும் சீக்கிரம் பழுப்பாகாத காளானை ஜீன் திருத்தம் செய்து உருவாக்கியிருக்கிறார்களாம். வெளி ஜீன் எதையும் சேர்க்காததால் கட்டுப்பாடு தேவையில்லை என்று அமெரிக்க அரசு சொல்லிவிட்டதாகப் படித்தேன். இது சரியா? சாப்பிடலாமா?

பதில்: காளான் வித்து ஆய்வகத்தில் வேலை செய்கிறவள் என்பதால் இந்தப் பழுப்பு எனக்கு நன்றாகப் பழக்கம். திசு எடுக்க மொட்டுக் காளானைக் கீறினால், சற்று நேரத்தில் கீறிய இடம் நிறம் மாறிவிடும். செல்லுக்குள் தனித்தனியாக இருக்கும் பீனால் சேர்மங்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும், செல் கிழிந்ததும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர, நிறமி உண்டாகிறது. அது அழுகல் அல்ல. ஆனாலும் அந்த நிறத்துக்காகவே நல்ல காளான் குப்பைக்குப் போகிறது.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் யினோங் யாங், இந்த நொதிக்கான ஆறு ஜீன்களில் ஒன்றை மட்டும், டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் முடக்கினார். நீக்கியது 1 முதல் 14 டி.என்.ஏ. எழுத்துகள்தான். நொதியின் செயல்பாடு சுமார் 30 சதவீதம் குறைந்தது.

2016 ஏப்ரலில் அமெரிக்க வேளாண் துறை அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தது. 'இது எங்கள் விதிகளுக்குள் வராது' என்றுதான் அதில் இருந்தது. 'பாதுகாப்பானது' என்று அல்ல. பயிரைத் தாக்கும் உயிரிகளின் டி.என்.ஏ. உள்ளே இருக்கிறதா என்பதுதான் அந்தத் துறையின் கவலை. உணவாக அது எப்படி என்று பார்ப்பது வேறு துறையின், அதாவது உணவு, மருந்துத் துறையின் வேலை. அங்கேயும், இத்தகைய புதுப் பயிர் உணவுகளைப் பற்றி முன்கூட்டியே கலந்து பேசுவது உருவாக்குபவரின் விருப்பம்தான். எனக்கு உறுத்துவது இதுதான்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது: ஜீன் திருத்திய உயிரிகளும் மரபணு மாற்றப்பட்டவையே, அதே சட்டம்தான். கதிர்வீச்சால் கண்டபடி மரபணுவைக் கலைத்து உருவாக்கும் ரகங்களுக்கோ, நெடுநாள் புழக்கத்தில் இருப்பதால் விலக்கு! இந்தியா 2022-ல் வெளி டி.என்.ஏ. இல்லாத திருத்தங்களுக்குச் சில விதிகளிலிருந்து விலக்கு தந்தது. அந்த ஆணை பேசுவது தாவரங்களைப் பற்றி. காளான் தாவரம் அல்லவே.

'வெளி ஜீன் இல்லை' என்பதைச் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். கொம்பில்லாத மாடுகளை ஜீன் திருத்தி உருவாக்கியவர்களும் எதிர்பாராத மாற்றம் எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்கள். 2019-ல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை விஞ்ஞானிகள் அந்த மாடுகளின் மரபணுத் தொகுப்பை மறுபடி அலசியபோது, பாக்டீரியா டி.என்.ஏ. உள்ளே ஒட்டியிருந்தது. ஆகவே, எவ்வளவு சின்னத் திருத்தமானாலும் முழு மரபணுத் தொகுப்பையும் வரிசைப்படுத்தி, முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு சோதனை என்பதை உண்டான குணத்தைப் பார்த்து முடிவுசெய்யலாம். ஒரு நொதி குறைந்த காளானுக்கும், புதிதாக ஒரு புரதத்தைச் சுரக்கும் பயிருக்கும் ஒரே அளவு சோதனை வேண்டியதில்லை.

அந்த வரிசை முடிவு சுத்தமாக இருந்தால், நான் தயங்காமல் சாப்பிடுவேன்.

கேள்வி: சீஸில் மரபணு மாற்றிய பூஞ்சை கலந்திருக்கிறதா?

பதில்: பூஞ்சை கலப்பதில்லை, அது தரும் நொதி சேர்கிறது. பாலைத் திரிய வைக்கும் கைமோசினைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துவந்தார்கள். அதற்கான ஜீனை நுண்ணுயிரிகளில் வைத்துத் தயாரித்த கைமோசினுக்கு அமெரிக்கா 1990-ல் அனுமதி தந்தது. இன்று ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சையைத் தொட்டிகளில் வளர்த்தும் அதை எடுக்கிறார்கள். நொதியை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்துதான் பாலில் விடுகிறார்கள்.