இன்ட்ராநெட்டை ஊழியர்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா, எப்படி அளப்பது? – கேள்வி பதில்

கம்பெனிக்குள் மட்டும் ஓடும் போர்ட்டலை, அதாவது இன்ட்ராநெட்டை, ஊழியர்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுப்பது பற்றி குமரி மாவட்ட அலுவலகங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நாகர்கோவில், ஆஸ்பத்திரி ஐ.டி. பிரிவு: அண்ணாச்சி, போன மாசம் எங்க போர்ட்டலுக்கு 40,000 ஹிட். எம்.டி.க்கு ரொம்ப சந்தோஷம். நானும் சந்தோஷப்படலாமா?

அவசரப்படாதீர்கள். சர்வருக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு ஹிட். ஒரு பக்கம் திறந்தால் லோகோ, படங்கள், ஸ்டைல் ஃபைல், ஸ்கிரிப்ட் எல்லாம் தனித்தனியாகப் பதிவாகும். ஒருவர் ஒரு பக்கம் பார்த்ததற்கே சர்வரின் பதிவேட்டில், அதாவது லாகில், 30, 40 வரி விழலாம். சர்வர் ஓடுகிறதா என்று 5 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் மானிட்டரிங் மென்பொருள் இருந்தால் அதன் பங்கு மட்டும் நாளுக்கு 288, 30 நாளில் 8,640.

இன்னொன்றும் பாருங்கள். பிரவுசரைத் திறந்தாலே போர்ட்டலின் முதல் பக்கம் வரும்படி எல்லா கம்ப்யூட்டரிலும் செட் செய்திருப்பீர்கள். கூகுளுக்குப் போகிறவரும் உங்கள் கணக்கில் ஒரு வருகை. ஆகவே மானிட்டரிங் மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியை (நெட்வொர்க் எண்ணை) வடிகட்டுங்கள். முதல் பக்கத்தோடு நின்ற வருகைகளைத் தனியாக ஒதுக்குங்கள். இரண்டாவது பக்கத்துக்கோ போர்ட்டலின் தேடல் பெட்டிக்கோ போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை பாதாளத்துக்குப் போகும், எம்.டி.யிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மார்த்தாண்டம், முந்திரி ஏற்றுமதி நிறுவனம்: 480 பேரில் 60 பேர்தான் லாகின் பண்றாங்க. 12.5 சதவீதம்னு ரிப்போர்ட் போட்டேன், திட்டு விழுந்தது.

வகுக்கும் எண் தப்பு. ஷெட்டில் பருப்பு உடைக்கிறவர்களுக்கும் தரம் பிரிக்கிறவர்களுக்கும் கம்ப்யூட்டரும் கிடையாது, லாகினும் கிடையாது. அவர்களைக் கீழே வைத்து வகுத்தால் எந்தப் போர்ட்டலும் தோற்றதாகத்தான் தெரியும். லாகின் உள்ளவர்கள், அதிலும் வேலைக்குப் போர்ட்டல் தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர்? 75 என்றால் 60 பேர் என்பது 80 சதவீதம். அதையும் மொத்தமாகப் போடாமல் கணக்கு, ஏற்றுமதி ஆவணம், கொள்முதல் என்று பிரிவு பிரிவாகப் போடுங்கள். ஒரு பிரிவு மட்டும் 30 சதவீதத்தில் நின்றால் பிரச்சினை அங்கேதான்.

ஷெட் தொழிலாளர்களுக்கு வேறு அளவுகோல். போனஸ் சர்க்குலர் போட்ட மூன்றாம் நாள், வழியில் பார்க்கும் பத்துப் பேரிடம் "போனஸ் என்னைக்கு?" என்று கேளுங்கள். சரியான தேதி சொன்னவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கு.

தக்கலை, ஆஸ்பத்திரி: நர்ஸிங் ஸ்டேஷனில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே லாகின், மூணு ஷிஃப்ட். யார் பார்த்தாங்கன்னே தெரியல.

தெரியாது. அந்த இடத்தில் ஆள் கணக்கையே விட்டுவிடுங்கள், வேலையை எண்ணுங்கள். ஒரு மாதத்தில் வந்த லீவு விண்ணப்பங்களில் போர்ட்டல் வழியாக எத்தனை, பேப்பரில் எத்தனை? ஸ்டோரிலிருந்து பொருள் கேட்கும் இன்டென்ட்டில் எத்தனை? இந்த விகிதத்துக்கு லாகின் விவரமே தேவையில்லை. யார் என்று கட்டாயம் தெரிய வேண்டுமென்றால் ஃபாரம் அனுப்பும் இடத்தில் மட்டும் ஸ்டாஃப் நம்பர் கேளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் பழையபடி போனை எடுத்துவிடுவார்கள்.

இதே கோளாறு ஐ.பி.யை வைத்து ஆளை எண்ணினாலும் வரும். ஒரு கிளை முழுக்க ஒரே ரவுட்டர் வழியாக வந்தால் 25 பேரும் லாகில் ஒரே ஆள்.

குளச்சல்: தனியா மென்பொருள் வாங்கணுமா?

உங்கள் போர்ட்டல் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட்டில் கட்டியது என்றால் தளத்துக்குள்ளேயே பயன்பாட்டு அறிக்கை இருக்கிறது. அதில் 7, 30, 90 நாள் கணக்குதான் கிடைக்கும். போன வருடத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் மாதாமாதம் எக்செலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சொந்த சர்வரில் ஓடும் போர்ட்டலுக்கு, வருகைகளை எண்ணும் மட்டோமோ என்ற மென்பொருள் போதும். 2018 வரை பிவிக் என்ற பெயரில் இருந்தது, சர்வரில் பி.எச்.பி.யும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் இருந்தால் நிறுவிவிடலாம், தகவல் வெளியே போகாது. நிறுவும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பயனர் ஐ.டி.யைத் தரும் வரி, பக்கப் பார்வையைப் பதியும் வரிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வைத்தால் முதல் பக்கம் பெயரில்லாமல் பதிவாகும்.

குலசேகரம், ரப்பர் கம்பெனி ஹெச்.ஆர்.: எல்லாத்தையும் போர்ட்டல்ல போட்டாச்சு. ஆனாலும் "லீவு ஃபாரம் எங்க சார்?"னு போன் வந்துட்டே இருக்கு.

உங்களுக்கு வேண்டியது சர்ச் லாக், அதாவது போர்ட்டலின் தேடல் பெட்டியில் ஊழியர்கள் அடித்த சொற்களின் பதிவு. நான் ஒரே ஒரு அறிக்கைதான் பார்க்கலாம் என்றால் இதைத்தான் பார்ப்பேன். மற்றதெல்லாம் ஊழியர் எங்கே போனார் என்று சொல்லும். எதைத் தேடி வந்தார் என்பதை அவர் வார்த்தையிலேயே சொல்வது இது மட்டும்தான்.

ஒரு மாதத் தேடல் சொற்களை எக்செலில் எடுங்கள். முதலில் ஒரே பொருளுள்ளவற்றைச் சேருங்கள்: லீவு, லீவ், விடுப்பு, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், எழுத்துப்பிழைகள். களியக்காவிளைக்கு அப்பால் கிளை இருந்தால் மலையாளத்திலும் வரும். சேர்த்த பிறகு மேலே இருக்கும் 50 சொற்களை ஒவ்வொன்றாக நீங்களே சாதாரண ஊழியரின் லாகினில் தேடிப் பாருங்கள். அட்மின் லாகினில் தேடாதீர்கள், அதில் எல்லாம் தெரியும். சரியான ஃபாரம் முதல் மூன்று முடிவுக்குள் வருகிறதா என்று குறியுங்கள்.

பிறகு லாகில் மூன்று அறிகுறிகள். முடிவே வராத தேடல்: பெரும்பாலும் ஃபாரம் இருக்கும், அதன் தலைப்பு "அப்சென்ஸ் ரிக்வெஸ்ட் வி3 ஃபைனல்" என்று இருக்கும். தலைப்பை மாற்றி, மக்கள் அடிக்கும் சொற்களைக் குறிச்சொல்லாகச் சேர்த்தால் முடிந்தது. இரண்டாவது, ஒரே ஆள் ஒரு நிமிடத்துக்குள் சொல்லை மாற்றி மாற்றித் தேடுவது; இதுதான் அடுத்து உங்களுக்கு வரப்போகும் போன். மூன்றாவது, முடிவு வந்தும் க்ளிக் இல்லாதது. இதில் மட்டும் நிதானம் வேண்டும்: தேடியது எக்ஸ்டென்ஷன் நம்பர் என்றால் முடிவுப் பட்டியலிலேயே நம்பர் தெரிந்திருக்கும், அது வெற்றி.

கூடவே இரண்டு வாரத்துக்கு ஹெச்.ஆர். மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். போர்ட்டலில் இருக்கும் விஷயத்துக்கு வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் என்ன கேட்டார்கள் என்று. திருத்திய பிறகு மறுபடி இரண்டு வாரம். கோடு குறைந்தால் மேனேஜ்மென்ட்டுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

போர்ட்டலின் ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதை வைத்து மதிப்பிடலாமா?

கூடாது. அடுத்த பக்கம் திறந்த நேரத்திலிருந்து கழித்துத்தான் பெரும்பாலான மென்பொருள் கணக்கிடும். கடைசிப் பக்கத்துக்கு நேரம் சரியாக விழாது. டீ குடிக்கப் போனாலும் "வாசிப்பு நேரம்" ஏறும். லீவு ஃபாரத்தில் 6 நிமிடம் என்றால் ஆர்வம் இல்லை, திணறல்.

நாகர்கோவில், மென்பொருள் நிறுவனம்: ஆட்களை உட்கார வைத்துச் சோதிப்பது எப்படி?

ஒவ்வொரு வகை ஊழியரிலும் 5 பேர், ஆளுக்கு 6 வேலை, வேலைக்கு 3 நிமிட வரம்பு. மெனுவில் உள்ள சொல் கேள்வியில் வரக் கூடாது, அதுதான் முக்கியம். மெனுவில் "டிபென்டன்ட் அடிஷன்" என்று இருந்தால் கேள்வி இப்படி: "வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸில் பெயர் சேர்க்கும் ஃபாரத்தை எடுங்கள்." தானாக முடித்தார், உதவியோடு முடித்தார், முடியவில்லை: இந்த மூன்றில் ஒன்றைக் குறித்து, நேரத்தையும் முதலில் க்ளிக் செய்த இடத்தையும் எழுதுங்கள். முதல் க்ளிக் தப்பினால் பெரும்பாலும் மொத்தமும் தப்பும்.

கெட்டுப்போவது இப்படி: ஹெச்.ஆர். மேடம் பின்னால் நிற்பது, போர்ட்டல் கட்டியவரே சோதனை நடத்தி "மேலே பாருங்க" என்று சொல்லிக்கொடுப்பது, ஐ.டி. ஆட்களையே தேர்ந்தெடுப்பது. 5 பேர் சோதனைக்குச் சதவீதம் போடாதீர்கள். "5-ல் 2" என்றே எழுதுங்கள்.

முடிவில், பயன்படுத்த எளிதாக இருந்ததா என்று அளக்கும் எஸ்.யு.எஸ். (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) என்ற 10 கேள்வித் தாளைக் கொடுக்கலாம். 1986-ல் ஜான் புரூக் உருவாக்கியது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. ஒற்றைப்படைக் கேள்விகளில் மதிப்பெண்ணிலிருந்து 1 கழிக்கவும், இரட்டைப்படையில் 5-லிருந்து மதிப்பெண்ணைக் கழிக்கவும், கூட்டி 2.5-ஆல் பெருக்கவும். பல ஆய்வுகளில் வந்த சராசரி 68. இது சதவீதம் அல்ல. 70 வந்தால் "70 சதவீதம் பேருக்குப் பிடித்தது" என்று ரிப்போர்ட்டில் போட்டுவிடாதீர்கள்.

தோவாளை: நவம்பர், டிசம்பர்ல பயன்பாடு விழுந்துடுச்சே அண்ணே?

காலண்டரைப் பார்த்தீர்களா? நவம்பர் 1 மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. உள்ளூர் விடுமுறை விட்டால் இங்கே பூட்டு, உங்கள் திருநெல்வேலிக் கிளை திறந்திருக்கும். பிறகு கிறிஸ்துமஸ் லீவு. மாத மொத்தத்தை ஒப்பிடாமல், கிளைவாரியாக வேலை நாளுக்குச் சராசரி எடுங்கள். சம்பள ஸ்லிப் போடும் வாரத்தையும், ஃபாரம் 16 வரும் ஜூனையும் தனியாகக் குறியுங்கள். அந்த ஏற்றம் போர்ட்டலின் சாதனை இல்லை.

யார் யார் திறக்கவே இல்லைன்னு பெயர்ப் பட்டியல் கேக்கிறார் எங்க மேனேஜர்.

கொடுக்காதீர்கள். பட்டியல் வெளியான மறுநாளே எல்லோரும் சும்மா திறந்து மூடுவார்கள், அதோடு உங்கள் எண்கள் செத்தன. பிரிவு வாரியாகக் கொடுங்கள். 5 பேருக்குக் குறைந்த பிரிவை இன்னொன்றோடு சேருங்கள். எதைப் பதிவு செய்கிறோம், எதற்கு என்று ஊழியர்களுக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஊழியர் தரவுக்கும் உண்டு.

சர்க்குலர் பி.டி.எஃப். எல்லோருக்கும் மெயிலில் லிங்க் போகுது. ரிப்போர்ட்டில் வெறும் 4 பேர்!

ஸ்கிரிப்ட் வைத்து எண்ணும் மென்பொருளுக்கு நேராகத் திறந்த பி.டி.எஃப். தெரியாது; அதற்குள் ஸ்கிரிப்ட் ஓடாது. சர்வர் லாகில் மட்டும் இருக்கும். மெயிலில் பி.டி.எஃப். லிங்க் கொடுக்காமல், சர்க்குலரின் சாரம் நாலு வரியும் டவுன்லோட் பட்டனும் உள்ள பக்கத்தின் லிங்கைக் கொடுங்கள். பக்கம் பார்த்தவர், பட்டன் அழுத்தியவர் இரண்டும் தனித்தனியாக வரும். பலர் பட்டனையே தொடமாட்டார்கள், நாலு வரியிலேயே விஷயம் கிடைத்திருக்கும்.