நரம்பு முனையில் என்ன நடக்கிறது? நீலகிரி வாசகர்களுக்குப் பதில்கள்

மருத்துவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் உடலியங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், நம் மலை வட்டாரத்து வாசகர்கள் அனுப்பியுள்ள கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

உதகை, பிளஸ் டூ மாணவி: ஐயா, நரம்பில் மின்துடிப்பு ஓடுகிறது என்று படிக்கிறோம். அது அடுத்த நரம்பணுவுக்கு நேரே தாவிவிடலாமே, நடுவில் வேதிப்பொருள் எதற்கு?

சில இடங்களில் நேரே தாவவும் செய்கிறது. ஆனால் மூளையின் பெரும்பாலான இணைப்புகளில், ஒரு நரம்பணுவின் முனைக்கும் அடுத்ததன் சவ்வுக்கும் இடையே ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் கடப்பது வேதிப்பொருள்தான் என்பதை 1921இல் ஆட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்த பின், அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து, நரம்பு தூண்டப்படாத இன்னோர் இதயத்தில் செலுத்தினார். அதுவும் மெதுவாகத் துடித்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் தெளிவாயிற்று. வேதிப்பொருள் இருப்பதால் பெரிய வசதி ஒன்று உண்டு: மின்துடிப்பு ஒரே மாதிரிதான் வருகிறது என்றாலும், முனையிலிருந்து வெளியாவது குளூட்டமேட் என்றால் அடுத்த நரம்பணு பொதுவாகத் தூண்டப்படும், காபா என்றால் பொதுவாக அடங்கும்.

கோத்தகிரி, பள்ளி ஆசிரியை: அந்த வேதிப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறதா? எப்போது வெளிவர வேண்டும் என்று முனைக்கு எப்படித் தெரிகிறது?

இத்துறையில் என் மனத்தை மிகவும் கவர்ந்த கேள்வி இதுவே. கசிவதில்லை, பொட்டலம் பொட்டலமாக வருகிறது. தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் கட்டி எடைக்குக் கொண்டுவருவதைப் போல, முனைக்குள் ஏறத்தாழ 40 நானோமீட்டர் குறுக்களவுள்ள நுண்பைகளில், ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் மூலக்கூறுகள் அடைக்கப்பட்டிருக்கின்றன. 1950களில் பெர்னார்ட் காட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் தவளையின் தசையில் நுண்மின்முனையைச் செருகிப் பார்த்தபோது, நரம்பைத் தூண்டாமலேயே அரை மில்லிவோல்ட் அளவிலான சிறு மின்னசைவுகள் அவ்வப்போது தோன்றின. நரம்பைத் தூண்டி, கால்சியத்தைக் குறைத்து வைத்தபோது, தசையில் தோன்றிய மின்னசைவுகள் அந்தச் சிற்றளவின் ஒரு மடங்கு, இரு மடங்கு, மும்மடங்கு என்றே அமைந்தன. அரைப் பொட்டலம் வரவே இல்லை.

திறவுகோல் கால்சியம். முனைக்கு வெளியே கால்சியம் அயனியின் செறிவு உள்ளே இருப்பதைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் சவ்விலுள்ள கால்சியம் வாயில்கள் திறக்க, அயனிகள் உள்ளே பாய்கின்றன. சவ்வை ஒட்டி ஆயத்தமாக நிற்கும் பைகளிலுள்ள சினாப்டோடாக்மின் என்னும் புரதம் அதை உணர்கிறது. பையின் மேலுள்ள சினாப்டோபிரெவினும், சவ்விலுள்ள சின்டாக்சினும், ஸ்னாப்-25ம் ஆகிய புரதங்கள் கயிறு முறுக்கினாற்போல ஒன்றையொன்று பின்னிக்கொண்டு பையைச் சவ்வோடு இணைக்க, உள்ளிருப்பது வெளியே கொட்டுகிறது. கால்சியம் நுழைந்ததிலிருந்து இதற்கு ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்: மூளையின் பல முனைகளில், வருகிற ஒவ்வொரு துடிப்புக்கும் பை திறப்பதில்லை, பல துடிப்புகள் எதையும் வெளியிடாமலே கழிந்துவிடுகின்றன. பாடநூல்கள் இதை விட்டுவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது.

குன்னூர், இல்லத்தரசி: ஆணி குத்தினால் டிடி ஊசி போடுகிறார்கள். காலில் பட்ட காயத்துக்கும் நரம்புக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு, அம்மா. காயத்தில் வளரும் ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசைகளை அடக்கி வைக்கும் நரம்பணுக்களுக்குள் புகுந்து, மேலே சொன்ன சினாப்டோபிரெவினை வெட்டிவிடுகிறது. பைகள் இருக்கும், கால்சியமும் நுழையும். ஆனால் அடக்கும் வேதிப்பொருள்களான கிளைசினும் காபாவும் வெளிவராது. தடுக்க எதுவும் இல்லாததால் தாடை இறுகி, முதுகு வில்லாக வளைகிறது. 1907இல் உங்கள் ஊரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் தயாரித்த முத்தடுப்பூசியில் ஒரு பங்கு இந்நோயைத் தடுப்பதற்கானதே.

கேத்தி, காய்கறி விவசாயி: கேரட்டுக்கு மருந்தடித்த அன்று என் தம்பிக்குக் கண்ணிலும் வாயிலும் நீர் வடிந்து, வியர்த்து, சதை துடித்தது. இதுவும் நரம்புக் கோளாறா?

ஆம். இங்கே பழுது வெளியேற்றத்தில் இல்லை, அகற்றுவதில் இருக்கிறது. வெளிவந்த அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைக்க ஒரு நொதி உண்டு. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் அதை முடக்குவதால், ஒருமுறை சொன்ன செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால் காத்திருக்க வேண்டாம்: நீங்கள் கையுறை அணிந்துகொண்டு, அவருடைய உடையைக் களைந்து, உடம்பைச் சோப்பு போட்டுக் கழுவி, மருந்துப் புட்டியின் லேபிளோடு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே கொடுக்கும் அட்ரோபின், அசிட்டைல்கோலின் சென்று சேரும் ஏற்பிகள் பலவற்றை மறைத்து உயிரைக் காக்கும்.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்: இரவில் தேநீர் குடித்தால் தூக்கம் கெடுவதும் இதனால்தானா?

இதனால்தான். விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் சேரும் அடினோசின், நரம்பு முனைகளின் ஏற்பிகளில் அமர்ந்து வெளியேற்றத்தைக் குறைக்கிறது. காஃபின் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அது நடப்பதில்லை. மாலை ஆறு மணிக்குக் குடித்த தேநீரின் காஃபினில் ஏறக்குறைய பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும்.